எவனும் கொடுக்கவில்லை, சரி

கேள்வி: என் மகனுக்கு 20 வயது, மதுரையில் என்ஜினீயரிங் மூன்றாம் வருடம். அமெரிக்க ராப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு இப்போது அவனே எழுதிப் பாடுகிறான். எல்லாம் ஒரே பீற்றல். "தனியா வந்தேன், எவனும் கைகொடுக்கல, நான்தான் ராஜா" என்கிறான். பெண்களைப் பற்றியும் மட்டமான வரிகள். (மைக், ஹெட்போன் எல்லாம் அவன் அக்கா தீபாவளி போனஸில் வாங்கிக் கொடுத்ததுதான்.) சத்தம் விழக்கூடாது என்று அவன் பாடும்போது ஃபேனைக்கூட அணைத்துவிடுகிறோம். இந்தப் பாட்டுகள் அவனைக் கெடுத்துவிடுமா?

பதில்: வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும் என்று எழுதுவேன் என நினைத்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை அம்மா. இந்தக் கடிதம் எனக்கு வேறு வேறு கையெழுத்தில் எத்தனையோ முறை வந்துவிட்டது. உங்கள் கடிதத்தில் விஷயம் இருப்பது அடைப்புக்குறிக்குள்தான்.

பையனின் வயது, ஊர், படிப்பு, எத்தனையாவது வருடம், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு என்ன வயது, என்ன வேலை, ஒரு வார்த்தை இல்லை. போனஸ் மட்டும் இருக்கிறது.

பீற்றல் எனக்குப் பயமில்லை, ராப்புக்கு அதுதான் உயிர். 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கட்டடம் கட்டடமாக எரிந்துகொண்டிருந்தது, வேலையும் இல்லை, அங்கிருந்த கறுப்பினப் பையன்களையும் புவேர்ட்டோ ரிக்கோ பையன்களையும் ஒருவரும் ஆளாக மதிக்கவில்லை, அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தன் மைக்கைப் பிடித்து நான்தான் ராஜா என்று கத்தினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று உங்கள் மகனைக் கேளுங்கள். 1973 ஆகஸ்ட் 11, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் இசை போட்ட பார்ட்டி என்பான். பார்ட்டியை நடத்தியது யார்? அவருடைய தங்கை சிண்டி கேம்பல். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம் வைத்து வசூல் செய்த பெண். பேர் என்னவோ அண்ணனுக்கு.

இன்னொன்றும் சொல்கிறேன். 1979-இல் முதன்முதலாகப் பெரிய வெற்றி பெற்ற ராப் பாட்டில் ஒருவர் மார்தட்டிப் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவருடையவை. காஸின் மேடைப் பெயரைக்கூட எழுத்துக்கூட்டி அப்படியே பாடிவைத்தார், மாற்றத் தோன்றவில்லை பாவம். இரவல் நகை அன்றைக்கே உண்டு.

உங்கள் மகன் "எவனும் கைகொடுக்கல" என்கிறான். வாஸ்தவம்தான், எவனும் கொடுக்கவில்லை. கொடுத்தவள் மதுரை வெயிலில் ஃபேன் இல்லாமல், அம்மாவோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறையில் வேர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறாள்! இதை அவன் அமெரிக்காவிலிருந்தா கற்றுக்கொண்டான்? அக்கா காசுக்கு அந்த வீட்டில் பேர் கிடையாது என்பதை உங்களிடமிருந்துதான் கற்றான். பெண்களைப் பற்றிய வரிகளும் அதே இடத்திலிருந்து வருபவைதான், எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் பழைய ஆள். தம்பிக்கு அக்கா செய்யத்தான் வேண்டும் என்பேன். வாங்கிக்கொண்டதை நாலு பேர் அறியச் சொல்வது தம்பியின் கடமை, அது ஆம்பளைத்தனத்துக்குக் குறைவு என்று நினைப்பவனை நான் ஆம்பளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அவனைப் பாடக்கூடாது என்று சொல்லாதீர்கள். முதலில் ஃபேனைப் போடுங்கள். அப்புறம் அந்தப் பாட்டை, பெண்களைப் பற்றிய வரிகளோடு, அக்காவை எதிரே உட்காரவைத்து அவள் முகத்தைப் பார்த்து ஒருமுறை பாடச் சொல்லுங்கள். மைக் விலையை மாதாமாதம் அவளுக்குத் திருப்பித் தரட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தால் முடியாதா என்ன.

நீங்கள் அவளிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தீபாவளிக்கு அவள் தனக்கு என்ன வாங்கிக்கொண்டாள்? தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், இந்த முறை அவள் வயதையும் வேலையையும் சேர்த்து.