ஊரடங்குல எங்க வீட்டுச் சண்டை எல்லாம் எதுக்கு வந்துச்சுன்னா

"2020 ஊரடங்குல குடும்பமே மாசக்கணக்கா வீட்டுக்குள்ள இருந்தீங்களே, சந்தோஷமா இருந்துச்சா, சண்டையா இருந்துச்சா?"ன்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டும்தாங்க. ஒரே நாள்லயே ரெண்டும்.

வீட்டுல நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், அப்போ நாலாங்கிளாஸ் படிச்ச பையன், ரிட்டையர் ஆகி எங்களோட இருக்குற என் அப்பா. மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்றுன்னு அறிவிச்சப்பகூட அப்பா "நான் பார்க்காத காய்ச்சலா"ன்னு சட்டையை மாட்டிட்டு வாக்கிங் கிளம்பினவர்தான். அவர் நிஜமா பயந்தது ஏப்ரல் 1ஆம் தேதி. அன்னிக்குத்தான் விம்பிள்டன் ரத்துன்னு அறிவிச்சாங்க. ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் இதுதான் முதல் தடவைன்னு டிவியில சொன்னதும் ரிமோட்டை கீழ வச்சிட்டு "அப்போ பெரிய விஷயம்தான் போல"ன்னார். அதுவரைக்கும் நான் தொண்டை வறள சொன்னது எதுவும் காதுல ஏறல, டென்னிஸ் நின்னாத்தான் ஏறுது.

முதல் பெரிய சண்டை பார்சலால வந்துச்சு. வைரஸ் பிளாஸ்டிக் மேல 72 மணி நேரம் வரைக்கும், அட்டை மேல 24 மணி நேரம் வரைக்கும் இருக்கும்னு ஒரு ஆராய்ச்சி அப்போ வந்துச்சு, ஞாபகம் இருக்கா? என் வீட்டுக்காரர் அதை மனப்பாடம் பண்ணிட்டார். வாசல்லயே ஒரு ஸ்டூல், ஒரு மார்க்கர் பேனா, வர்ற பொருள் ஒவ்வொண்ணு மேலயும் தேதியும் மணியும் எழுதி வைப்பார், அட்டைன்னா ஒரு நாள், பிளாஸ்டிக்னா மூணு நாள், அதுக்கு முன்னாடி யாரும் தொடக்கூடாது. சரி போகட்டும்னு விட்டோம். ஒரு நாள் அப்பாவோட பிபி மாத்திரை வந்துச்சு. வெளியில அட்டைப்பெட்டி, உள்ள மாத்திரை பிளாஸ்டிக் ஸ்ட்ரிப்ல. இப்போ இதுக்கு ஒரு நாளா மூணு நாளா? இவர் "சேஃபா இருப்போமே மாமா, மூணு நாள்"ங்கிறார், அப்பா "மூணு நாள் கழிச்சு அதைப் போட நான் இருக்கணுமே மாப்ளே"ங்கிறார், நான் நடுவுல நின்னு ரெண்டு பேரையும் கத்தி, கடைசியில பையன் போய் ஸ்ட்ரிப்பை சோப்பு போட்டுக் கழுவி கொண்டுவந்து குடுத்தான். இருபது செகண்ட் எண்ணி கழுவினேன் தாத்தான்னான். பொருளைத் தொடுறதால பரவுற ஆபத்து ரொம்பவே கம்மின்னு 2021ல அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிடிசி சொன்னப்போ நான் அந்த ஸ்டூலைத்தான் பார்த்தேன். மார்க்கர் கறை இன்னும் போகல.

இன்னொரு கூத்து, ஒரு நாள் ராத்திரி அப்பா நாலு தடவை இருமினார். அவ்ளோதான், அவரைத் தனி ரூம்ல வச்சு, நாங்க மூணு பேரும் ஹால்ல படுத்து, தெர்மாமீட்டரை வச்சு வச்சு எடுத்து, 14 நாள் கணக்கை காலண்டர்ல வட்டம் போட்டு... மணம் தெரியாம போறதும் ஒரு அறிகுறின்னு அந்த சமயத்துலதான் பேச ஆரம்பிச்சாங்க, அதனால அப்பா தினமும் காலையில சோப்பை மோந்து பார்த்துட்டு ரூமுக்குள்ள இருந்தே "வருது, வருது"ன்னு குரல் குடுப்பார். ஒண்ணும் இல்ல, சாதா இருமல்தான்.

சொந்தக்காரங்களோட ஜூம் கால் பத்தியும் சொல்லணும். இலவச அக்கவுண்ட்ல 40 நிமிஷத்துல கட் ஆகிடும். எனக்கும் என் அக்காவுக்கும் வாக்குவாதம் சூடாகுற நேரம் கரெக்டா 38ஆவது நிமிஷம். பல தடவை எங்களைக் காப்பாத்தினது அதுதான்.

இதெல்லாம் சத்தமான சண்டை, இதைக்கூட தாங்கிக்கலாம். எனக்குக் கஷ்டமா இருந்தது மே மாசம் வாக்குல வந்த அமைதி. சாயங்காலம் யாருக்கும் யார்கிட்டயும் சொல்ல ஒண்ணும் இல்ல. "இன்னிக்கு என்னாச்சு"ன்னு கேக்கவே முடியாது, ஆனது எல்லாம் எல்லாரும் பார்த்ததுதானே. முன்னாடி வீட்டுக்கு ஒருத்தர் வர்றதுன்னு ஒண்ணு இருந்துச்சு, செருப்பைக் கழட்டும்போதே ஏதோ ஒரு கதையோட வருவாங்க. அது நின்னு போனதாலதான் சின்னச் சின்ன விஷயத்துக்கு எல்லாம் எரிஞ்சு விழுந்தோம்னு நினைக்கிறேன்.

இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் அப்பா. ஒரு நாள் ஆறு மணிக்கு வாக்கிங் சட்டையைப் போட்டுட்டு மாஸ்க்கோட மொட்டை மாடிக்குப் போனார். அரை மணி நேரம் கழிச்சு காலிங் பெல். திறந்துட்டு "கையில சாவி இருக்குல்லப்பா"ன்னு எரிச்சலா கேட்டேன்.

"இருக்கு. நீ திறந்தாத்தானே நான் வந்த மாதிரி இருக்கும்" அப்படின்னார். உள்ள வந்து உக்காந்து நியூஸ் சொன்னார். மேல யாரோ சிவப்பு பெட்ஷீட் காயப்போட்டிருக்காங்க, ரெண்டு நாளா எடுக்கல, ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கு. இது ஒரு நியூஸா? ஆனா மூணு பேரும் வாயைப் பார்த்துட்டு கேட்டோம்.

மறுநாள்ல இருந்து பையனும் போய் பெல் அடிக்க ஆரம்பிச்சான். அப்புறம் என் வீட்டுக்காரர், அவர் லேப்டாப் பையைத் தோள்ல மாட்டிட்டு வேற போவார், ஆபீஸ்ல இருந்து வர்ற ஃபீல் வேணுமாம். நல்லாத்தான் இருந்துச்சு, சண்டையும் கொறஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா மூணு பேருக்கும் கதவைத் திறக்குற ஆள் யாருன்னு யாரும் யோசிக்கல பாருங்க.

மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் சொல்லாம கொள்ளாம நானும் மாடிக்குப் போயிட்டேன். முக்கால் மணி நேரம் சும்மா நின்னேன். இறங்கி வந்து பெல் அடிச்சா யாரும் திறக்கல. இவர் ஆபீஸ் கால்ல, பையன் ஹெட்ஃபோன்ல, அப்பா சோஃபாவுல தூக்கம். ரெண்டு தடவை அடிச்சுப் பார்த்துட்டு சாவி போட்டு நானே திறந்து உள்ள போனேன். சத்தம் கேட்டு அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார்.

"அந்த பெட்ஷீட் இன்னும் இருக்கா?"