நெடுந்தீவுக்கு ஒரு நாள் காணுமா?

கேள்வி: அக்கா, சித்திரை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வருகிறோம். சனக்கூட்டமில்லாத கடற்கரை வேண்டுமென்றால் நெடுந்தீவுக்குப் போ என்கிறார்கள். காலையில் போய்ப் பின்னேரம் திரும்பினால் காணுமா?
- வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

பதில்: காணாது தங்கச்சி. என் அம்மம்மாவின் ஊர் அது. கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் திரும்புகிறவர்கள் லாண்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் குலுங்கிக் குலுங்கி இடிந்த கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம் (பாவோபாப்) என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று படமெடுத்து, வதங்கிப்போய் வருவார்கள். ஒரு இரவாவது தங்குங்கள். சிறிய விடுதிகளும் அறை தருகிற வீடுகளும் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் குறிகட்டுவான் இறங்குதுறை வரை போகும். அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம். அந்தப் படகுதான் ஊர்ச்சனத்துக்கு பஸ், லொறி எல்லாம். அரிசி மூட்டையோடும் காஸ் சிலிண்டரோடும் நிற்பவர்கள் முதலில் ஏறட்டும்.

ஒரு ஆனி மாதம் சோளகக் காற்றில் (தென்மேற்குக் காற்று) கடல் பொங்கி, பின்னேரப் படகு ஓடவில்லை. சின்னம்மம்மா வீட்டில் புறுபுறுத்துக்கொண்டே படுத்தேன். விடியப்புறம் வேலிக்கு வெளியே மூச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் ஆறேழு மட்டக்குதிரைகள், மாட்டுக்கு வைத்த தொட்டியில் தண்ணீர் குடிக்கின்றன. ஒரு குட்டிக்குத் தொட்டி விளிம்பு எட்டவில்லை. தாயின் வாயிலிருந்து ஒழுகியதை நக்கிக்கொண்டு நின்றது. சின்னம்மம்மா இன்னொரு வாளி இறைத்து, குட்டிக்கென்று பழைய சட்டியில் ஊற்றினார். குடித்து முடித்து மேற்குப் புல்வெளிப் பக்கம் அவை போகும்போது ஒரு குளம்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கேள்வி: நெடுந்தீவுக் குதிரைகளில் பிள்ளைகளை ஏற்றலாமா? அவற்றுக்குச் சாப்பிட என்ன கொண்டுபோகலாம்?
- வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஏற்ற முடியாது. அந்நியர் ஆட்சிக் காலத்தில் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை. இன்று அவற்றுக்குக் கடிவாளமுமில்லை, லாயமுமில்லை. பாணும் பிஸ்கட்டும் வேண்டாம். அவற்றுக்குக் குறைவு தண்ணீர்தான். தீவில் பல கிணறுகள் சவர். கடும் வறட்சியில் குதிரைகள் செத்துமிருக்கின்றன. ஆகவே நீங்கள் குடிக்கும் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், விடுதிக் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தீட்டாதீர்கள்.

கேள்வி: வீட்டு மீன்தொட்டிக்கு நெடுந்தீவிலிருந்து ஒரு முருகைக்கல் (பவளக்கல்) கொண்டுவரலாமா?
- கொழும்பிலிருந்து ஒரு மாணவன்

பதில்: வேண்டாம், தம்பி. நெடுந்தீவு வேலிகளே அந்தக் கல்தான். சீமெந்துமில்லை, மண்சாந்துமில்லை. கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால் சில கற்களில் மூளை மடிப்புப் போல வரிகள் தெரியும். காற்று இடைவெளியால் புகுந்து போகும், ஆடு புகாது. ஒன்றை உருவினால் மேலே உள்ளதெல்லாம் சரியும்.

என் பெறாமகனும் ஒருமுறை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குதுறைக்கு வந்தான். பக்கத்தில் நின்ற கிழவர் பையைப் பார்த்தார்.

"அது ஆரின்ர வேலி, தம்பி?"

கேட்டது அவ்வளவுதான். இவன் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கிப் போய் வைத்துவிட்டு வந்தான். படகில் நிற்கத்தான் இடம் கிடைத்தது.