நிலநடுக்கோட்டில் மழைக்காடும் 30 டிகிரியில் பாலைவனமும் இருப்பது ஏன்?

சூரியன் உச்சியில் காயும் நிலநடுக்கோட்டுப் பகுதியில் மழைக்காடுகள் அடர்ந்திருக்கும்போது, அங்கிருந்து விலகி 20 முதல் 30 டிகிரி அட்சங்களில் சகாராவும் அரேபியப் பாலையும் கலஹாரியும் அமைந்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு மிகவும் பிடித்தமான கேள்வி இது.

வெயில்தான் பாலைவனத்தை உண்டாக்குகிறது என்ற எண்ணத்தை முதலில் விலக்கிவிடுவோம். மேலிருந்து இறங்கும் காற்றே அதை உண்டாக்குகிறது. அந்தக் காற்று தன்னிடமிருந்த நீரையெல்லாம் வேறோர் இடத்தில் பெய்து தீர்த்துவிட்டு வருகிறது. ஆகவே நிலநடுக்கோட்டில் உள்ள காங்கோவின் மழைக்கும் சகாராவின் வறட்சிக்கும் காரணம் ஒன்றே.

வெப்பக் கடலின் மேல் உள்ள ஒரு கிலோகிராம் காற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான இடத்தை அடைத்திருக்கும் அந்தக் காற்றில் 18 கிராம் நீராவி இருக்கலாம். நீராக்கினால் நான்கு தேக்கரண்டிகூட நிறையாது. ஆனால் கடலிலிருந்து ஆவியானபோது பெற்ற வெப்பம் முழுவதும் அதற்குள் பொதிந்திருக்கிறது. மேலே சென்று குளிர்ந்து துளிகளாகும்போது, கிராமுக்கு ஏறத்தாழ 2,500 ஜூல் வீதம் 45,000 ஜூல் வெளிப்படுகிறது. அந்த ஒரு கிலோகிராம் காற்றை 45 டிகிரி சூடேற்ற இது போதும். இந்த உள்ளுறை வெப்பம்தான் காற்றைச் சுற்றுப்புறத்தைவிட இலேசாக வைத்து 15 கிலோமீட்டர் உயரம்வரை கொண்டுசெல்கிறது. இந்த ஏற்றம் எங்கும் பரவலாக நிகழ்வதில்லை என்றும், குறுகலான இடிமேகக் கோபுரங்கள் சில ஆயிரமே இந்த வேலையைச் செய்து முடிக்கின்றன என்றும் 1958இல் வானிலை அறிவியலாளர்கள் ஹெர்பர்ட் ரீலும் ஜோன் மால்கஸும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

மேலே சேர்ந்த காற்று வடக்கிலும் தெற்கிலும் விலகிச் சென்று பின்னர் இறங்குகிறது. பாடநூல் படங்களில் இரண்டு அம்புக்குறிகளாக முடிந்துவிடும் இந்த இறக்கத்தில்தான் உண்மையான செய்தி இருக்கிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி காற்றடிக்கும்போது சுடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறுவதால், 15 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 70 டிகிரியில் இருக்கும் காற்று அப்படியே தரைக்கு வந்தால் 80 டிகிரியை எட்டியிருக்கும். நல்லவேளையாக அப்படி நடப்பதில்லை. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிவிட்டால் அதனால் மேற்கொண்டு இறங்க இயலாது. தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக இழந்துகொண்டே இறங்க வேண்டும். அந்த இழப்போ நாளொன்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை டிகிரி அளவுதான். ஆகவே ஒரு நாளில் சில நூறு மீட்டர்தான் இறங்குகிறது. இடிமேகத்துக்குள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் போதும். இறங்குவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஏறும் இடம் குறுகியதாகவும் இறங்கும் இடம் மிகப் பரந்ததாகவும் இருப்பது இதனால்தான். இறங்கும்போது சூடேறுவதால் ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு, விழுந்து, கூடத் தொடங்கும் மேகமும் கரைந்துவிடுகிறது.

துருவம்வரை செல்லாமல் 30 டிகிரி அளவில் இந்தச் சுழற்சி முடிந்துவிடுவதற்குப் பூமியின் தற்சுழற்சி காரணம். நிலநடுக்கோட்டில் தரையும் காற்றும் நொடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே செல்கின்றன. துருவத்தை நோக்கிப் போகப்போகக் காற்று சுழல் அச்சை நெருங்குவதால் அதன் கிழக்கு வேகம் கூடுகிறது. தடையே இல்லையென்றால் 30 டிகிரியில் அது தரையைவிட நொடிக்கு 134 மீட்டர் விரைவாக ஓட வேண்டும். அந்த வேகத்தை எட்டுமுன்பே ஓட்டம் நிலைகுலைந்து பெருஞ்சுழல்களாக உடைகிறது. அதற்கப்பால் வெப்பத்தைத் துருவங்களுக்குச் சுமந்து செல்வது பெரும்பாலும் அந்தச் சுழல்களும் புயல்களுமே. 243 நாளுக்கு ஒருமுறை மட்டும் தன்னைச் சுற்றும் வெள்ளிக் கோளில் இதே வகைச் சுழற்சி ஏறத்தாழ 60 டிகிரிவரை நீள்கிறது.

தரைக்கு வந்த காற்றில் ஒரு பகுதி மீண்டும் நிலநடுக்கோட்டுக்குத் திரும்புகிறது. அது மேற்குப் பக்கம் விலகுவதால் வியாபாரக் காற்று பிறக்கிறது. இதற்குப் பூமியின் சுழற்சியே காரணம் என்று 1735இல் ஜார்ஜ் ஹாட்லி எழுதினார். காற்று தன் நேர்கோட்டு வேகத்தைக் காத்துக்கொள்கிறது என்று அவர் கருதியது பிழை என்றாலும், அடிப்படைப் பார்வை சரியானது. ஏறி இறங்கும் இந்தக் காற்றுச் சுழற்சிக்கு அவர் பெயரே நிலைத்தது.

30 டிகிரி என்றாலே பாலை என்று கொள்ள வேண்டாம். சீனாவின் தென்கிழக்கில் அதே அட்சத்தில் நல்ல மழை பெய்கிறது. உலகின் மிகுமழை இடங்களுள் ஒன்றான மேகாலயாவின் மௌசின்ராம் 25 டிகிரியில் இருக்கிறது. பருவக்காற்று அங்கே இறக்கத்தை வென்றுவிடுகிறது. அதே ஆசியப் பருவமழை வெளியிடும் வெப்பம், மேற்கே கிழக்குச் சகாராவின் மேல் காற்று இறங்குவதை மேலும் வலுப்படுத்துகிறது.

இந்த வறண்ட பட்டை சூரியனோடு இடம்பெயரும். வடக்கின் கோடையில் அது மத்தியதரைக் கடலை மூடிக்கொள்வதால் அங்கே மழை அரிது. குளிர்காலத்தில் அது பின்வாங்கும்போதுதான் மேற்கிலிருந்து வீசும் மேலைக் காற்று மழையோடு உள்ளே வருகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் பட்டையின் விளிம்பு துருவங்களை நோக்கி மெல்ல விரிந்திருப்பதாக அளவீடுகள் காட்டுவது எனக்குக் கவலையளிக்கிறது. ஒரு டிகிரி அட்சம் தரையில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். குளிர்கால மழையை நம்பி விதைக்கும் அந்தக் கரைகளுக்கு அது சிறு தொலைவன்று.