பழைய முலாம் பட்டறை மனை: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: அம்பத்தூர் அருகே ஒரு மனை பார்த்திருக்கிறோம். முன்பு அங்கே குரோமியம் முலாம் பூசும் பட்டறை இருந்ததாம். மூடிப் பல வருடமாகிறது. போர் தண்ணீர் லேசான மஞ்சளாக வருகிறது. "இரும்புத் தண்ணீர்தான், ஆர்.ஓ. போட்டால் போதும்" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

முதலில் ஒரு வெள்ளை பக்கெட்டில் அந்தத் தண்ணீரைப் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். இரும்புத் தண்ணீர் போரிலிருந்து தெளிவாக வந்து, காற்றுப் பட்டதும் செம்மஞ்சளாகும். காலையில் அடியில் துரு படிந்திருக்கும். ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (தண்ணீரில் எளிதில் கரையும் நச்சு வகைக் குரோமியம்) கலந்த தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாகத் தெளிந்தே நிற்கும். அடியில் எதுவும் தங்காது. துணியில் வடிகட்டினாலும் நிறம் போகாது. பக்கெட் தண்ணீரில் நிறமே தெரியவில்லை என்றாலும் நிம்மதி அடைந்துவிட முடியாது. குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தரநிர்ணய வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறதென்றால் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியாகிவிட்டது என்று பொருள். காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், குரோமியம் இன்னும் செறிவாகும். ஆர்.ஓ. குடிக்கும் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொள்ளும். குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர் அப்படியேதான் வரும். புற்றுநோய் உண்டாக்கும் இந்த நஞ்சு தோலையும் புண்ணாக்கும்.

அடுத்து மண். மழை விட்டு நாலைந்து நாள் வெயில் அடித்தபின் மனைக்குப் போய்ப் பழைய சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். உப்பு பூத்தது மஞ்சளாகவோ பச்சை கலந்தோ இருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். ஈரம் மேலேறும்போது உள்ளே இருக்கும் குரோமேட்டையும் (ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தின் உப்பு) இழுத்து வருகிறது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவு கொட்டிக் கிடந்ததே, ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்து நிலத்தடிக்கு அனுப்பியது. உங்கள் மனையில் அளவு சிறியது, நடப்பது அதேதான்.

தண்ணீர்ப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது 'குடிநீர் டெஸ்ட்' என்று மட்டும் சொல்லாதீர்கள். கடினத்தன்மை, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) பார்த்து அனுப்பிவிடுவார்கள். மொத்தக் குரோமியம், ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், நிக்கல், காட்மியம், சயனைடு என்று எழுதிக் கொடுங்கள். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, ஆய்வுக்கூடம் தரும் பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். ஆய்வுக்கூடங்களைத் தரம் பார்த்து ஏற்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள கூடமாகப் பாருங்கள்.

மண்ணை மனையின் நடுவில் அள்ளிப் பயனில்லை. முலாம் தொட்டிகள் இருந்த இடம், கழிவுநீர் ஓடிய கால்வாய், அது போய் விழுந்த குழி: இந்த மூன்றும் முக்கியம். பக்கத்து டீக்கடையில் விசாரித்தால் பழைய தொழிலாளி ஒருவராவது கிடைப்பார். மேலே புதிதாக ஃபில்லிங் மண் அடித்திருந்தால், அதைத் தாண்டித் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றிதழ் யார் கைமாறியது என்று மட்டுமே சொல்லும். பட்டறை எதற்கு அனுமதி வாங்கியிருந்தது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

குரோமியம் இருப்பது உறுதியானால், மண்ணை லாரியில் ஏற்றி வேறெங்காவது கொட்டுவது தீர்வல்ல, குற்றம். அது அபாயகரக் கழிவு. அனுமதி பெற்று, கும்மிடிப்பூண்டியில் இருப்பது மாதிரியான பாதுகாப்பான கழிவுக் கிடங்குக்குத்தான் போக வேண்டும். ஆழத்தில் இருப்பதற்கு ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு போன்றவற்றைச் செலுத்தி, அவ்வளவாகக் கரையாத ட்ரைவேலன்ட் குரோமியமாக மாற்றும் முறை உண்டு. கூடவே தண்ணீரை இறைத்துச் சுத்திகரிப்பார்கள். வருடக்கணக்கில் ஓடும் வேலை, தனி ஒரு குடும்பம் தாங்காது. மாசுபட்ட இடங்களுக்காக 2025-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் மாசுபடுத்தியவரே செலவை ஏற்கச் சொல்கின்றன. வாங்கிய பிறகு அவரைத் தேடி அலைவதைவிட, விற்பவரிடம் இப்போதே பரிசோதனை முடிவைக் கேட்பது எளிது. மண் எடுக்க அவர் விடவில்லையென்றால் அந்த மனை வேண்டாம்.

ஒன்று மறக்காமல் சொல்ல வேண்டும். வீடு கட்டினால் மழைநீர் சேகரிப்பு நம் ஊரில் கட்டாயம். ஆனால் நஞ்சேறிய மண்ணில் உறிஞ்சுகுழி வெட்டினால், கூரையில் விழுந்த சுத்தமான மழை குரோமியத்தைக் கழுவிக் கீழே இறக்கி, அடுத்த தெருவின் போர்களுக்கும் கொண்டு சேர்க்கும். இப்படிப்பட்ட மனையில் மண் முடிவு வரும்வரை குழி வேண்டாம். கூரைத் தண்ணீரை சம்ப்பில் விடலாம். பரிசோதனையில் ஏதும் தெரிந்தால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் அந்தத் தண்ணீரில்தான்.