பல கட்டடங்களில் தீத்தடுப்புக் கதவுச் சோதனையை எப்படி ஒழுங்கு செய்வது?

வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி மூன்றிலும் கட்டடம் பராமரிக்கும் ஒருவரின் கேள்வி இது.

முதலில் ஒவ்வொரு கதவுக்கும் ஓர் இலக்கம் ஒட்டுங்கள். 'இரண்டாம் மாடிக் கதவு' என்று எழுதிவைத்தால் அடுத்த முறை போகிறவர் எதை என்று தேடுவார்? மூன்று ஊரும் ஏ9 வீதியிலேயே இருப்பதால் ஒரே ஆளையே அனுப்பலாம். இங்கிலாந்தின் 2022 விதிகளில், 11 மீற்றர் உயரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் பொதுப் பகுதித் தீத்தடுப்புக் கதவுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை. அந்தக் கணக்கு நமக்கும் சரி.

சோதனையின் உயிர் இதுதான்: கதவைக் கொஞ்சம் திறந்து கையை விடுங்கள். தானாக மூடி, பூட்டு நாக்கு உள்ளே விழவேண்டும். விளிம்பு இடைவெளி 3 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். சூட்டில் ஊதி அதை அடைக்கும் பட்டி கழன்றிருக்கிறதா பாருங்கள்.

வன்னியில் மாரியில் மரக்கதவு ஊதி இறுகும். உடனே சீவிவிடுவார்கள், கோடையில் இடைவெளி அகன்றுவிடும். அதனால் மாரிக்கு முன்னும் பின்னும் ஒருமுறை கட்டாயம் அளந்துவிடுங்கள். காற்றுக்காகக் கல்லு வைத்துத் திறந்துவைத்த கதவு புகையை மறிக்காது. அதை அந்த இடத்திலேயே எடுப்பியுங்கள். பழுதென்றால் கதவிலக்கம், படம், திருத்துபவர் பெயர், முடிக்கும் திகதி நான்கையும் ஒரே பதிவேட்டில் எழுதுங்கள்.