மேடை ஹிப்னாடிசமும் ஹிப்னோதெரபியும்: கேள்வி பதில்

மேடையில் ஒரே நிமிடத்தில் ஆள் சாய்ந்துவிடுகிறார். ஹிப்னாடிசத்தைப் பயன்படுத்தும் சிகிச்சையான ஹிப்னோதெரபியில் ஏன் அவ்வளவு நேரம்?

மேடையில் நடப்பதில் பாதி ஆள் பொறுக்கல். முதலில் நிகழ்ச்சியாளர் அரங்கம் முழுவதையும் கைவிரல்களைக் கோத்து இறுக்கச் சொல்லி, "இனிப் பிரிக்க வராது" என்பார். பிரிக்கத் திணறுகிறவர்களைத்தான் மேலே கூப்பிடுவார். அங்கும் இரண்டு மூன்று சின்னச் சோதனைகள். சரிப்படாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். மிஞ்சுவது எளிதில் ஆட்படுகிறவர்கள் மட்டுமே. கூடவே கூட்டத்தின் எதிர்பார்ப்பும் தள்ளுகிறது. சிகிச்சையாளர் அப்படி ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது, வந்தவரோடுதான் வேலை. 1959-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், ஒருவர் ஹிப்னாடிசத்துக்கு எவ்வளவு ஆட்படுவார் என்று அளக்க உருவான 12 சோதனை அளவுகோலில் பெரும்பாலோர் நடுத்தரமாகவே தேறுகிறார்கள்.

சுயநினைவு போய்விடுமா?

போகாது. பேச்சு காதில் விழும், பிடிக்காததை மறுக்கலாம்.

ஐ.பி.எஸ். (IBS, எரிச்சல் குடல் நோய்) என்ற வயிற்றுக் கோளாறுக்கு இதில் என்ன செய்வார்கள்?

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மான்செஸ்டரில் குடல் நோய் மருத்துவர் வோர்வெல்லின் குழு 1984-இல் சோதனை முடிவை வெளியிட்டது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டியும், 12 மாதம் மருந்து எடுத்தும் தேறாதவர்களுக்கு இதை யோசிக்கலாம் என்கிறது. முதலில் குடல் எப்படி இயங்குகிறது என்று விளக்குவார்கள். பிறகு கண்மூடி உடல் தளர்த்தல். வயிற்றில் கை வைத்து வெதுவெதுப்பு பரவுவதாக உணரச் சொல்வார்கள். குடலின் ஓட்டத்தைச் சீராக ஓடும் ஆறாகக் கற்பனை செய்யச் சொல்வார்கள். ஒலிப்பதிவு தருவார்கள், வீட்டில் தினமும் கேட்க வேண்டும்.  மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

மறந்துபோன சிறுவயது நினைவுகளை மீட்க முடியுமா?

அதற்காகப் போகவே போகாதீர்கள். ஹிப்னாடிச நிலையில் கற்பனையும் நினைவாகவே தோன்றும். தவறான நினைவின் மேல் உறுதியும் கூடிவிடும். குடும்பங்கள் இதனால் உடைந்திருக்கின்றன.

மேடையில் ஏறினால் ஆபத்தா?

பெரும்பாலோருக்கு இல்லை. வலிப்பு, மனச்சிதைவு உள்ளவர்கள் ஏறக் கூடாது. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பலகைபோல் படுக்கவைப்பது முதுகெலும்புக்குக் கேடு, அதற்கு ஒப்பவே வேண்டாம். கொடுத்த கட்டளை ஒவ்வொன்றையும் நிகழ்ச்சியாளர் முடிவில் நீக்க வேண்டும். அவசரத்தில் விட்டால் மேடை ஏறியவர்கள் தலைவலியோடும் குழப்பத்தோடும் இறங்கக்கூடும். பிரிட்டனில் 1952 முதல் மேடைக் காட்சிகளுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது.

சிகிச்சையாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஹிப்னாடிசம் இல்லாமலே உங்கள் பிரச்சினைக்குச் சிகிச்சை தரும் தகுதி அவருக்கு உண்டா என்று கேளுங்கள். மருத்துவர், மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் என்றால் சரி. முதல் சந்திப்பில் நோய் வரலாறும் மருந்துப் பட்டியலும் கேட்காமல் நேராகக் கண்ணை மூடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.