கரூர் ஆற்றில் எடுத்த ரோமானியக் காசு என்று விற்கிறார்கள், நம்பி வாங்கலாமா?

சேகரிப்பைத் தொடங்குகிறவர் என்றால் வேண்டாங்க. சொல்கிற கதையில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் தொல்லை. கரூர் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் நிஜமாகவே கிடைத்திருக்கின்றன. ‘மாக்கோதை’ என்று தமிழ் பிராமியில் பெயரும் அரசன் தலையும் பொறித்த வெள்ளிக் காசில் ரோமானியச் சாயல் அப்பட்டமாகத் தெரியும். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் ஒரே இடத்தில் 500க்கு மேல் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கொங்கின் படியூர்ப் பச்சைக்கல்லும் கொடுமணல் மணிகளும் மேற்குக் கரைக்குப் போன பாலக்காட்டுக் கணவாய்ப் பாதை இந்தப் பக்கம்தான்.

நம்ம கொங்குப் பக்கம் அதிகம் கிடைப்பவை இரண்டு வகை, இரண்டும் ரோமப் பேரரசர்களுடையவை. அகஸ்டஸ் காசின் பின்புறம் பேரன்கள் இருவர் நிற்பார்கள், நடுவே கேடயமும் ஈட்டியும். திபேரியஸ் காசில் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். கி.பி. 64இல் பேரரசன் நீரோ காசில் வெள்ளியின் அளவைக் குறைத்தான். அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசு இந்தியப் புதையல்களில் அபூர்வம். நம் வியாபாரிகள் அன்றைக்கே உரசிப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள் போல!

போலி செய்கிறவர்களும் இந்த இரண்டு வகையைத்தான் செய்வார்கள். அசல் காசு அச்சு வைத்து அடித்தது. மலிவுப் போலி உருக்கி வார்த்தது. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, மேலே பொடிக் குழிகள், மழுங்கிய எழுத்து இதெல்லாம் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பி விடுங்கள்.

“போன வாரம் தோண்டி எடுத்தது” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் இன்னும் மோசம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். காசு அசலாக இருந்தாலும் வம்புதான்.

அப்புறம் எதில் தொடங்குவது? 1799 வரை கொங்கு மைசூர் ஆட்சியில் இருந்தது, அதனால் யானை பொறித்த திப்புவின் செப்புக் காசு நமக்கு அன்னியமில்லை. கையைக் கடிக்காத விலையில் வேண்டுமா, ஓட்டைக் காலணா வாங்குங்கள். போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க 1943இல் நடுவில் துளை போட்டு அடித்தது. எதை வாங்கினாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய செம்பின் மேல் படிந்த நிறம் போனால் விலையும் போய்விடும். ரோமானியக் காசைக் கண்ணுக்குப் பழக்க கரூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.